எங்கள் வீட்டுப் பிணைக்கைதி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர்கள் வீட்டுப் பெண் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை, அவர்கள் வீட்டில் இருக்கும் எங்கள் பெண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது என்று நான் நம்பினேன். ஏதோ போகிற போக்கில் நம்பியதல்ல. கிட்டத்தட்ட மூன்று மாதம் வங்காள விரிகுடா முழுவதையும் அந்த ஒரு நம்பிக்கையை வைத்துத்தான் அடக்கி வைத்திருந்தேன். புயல், மலேரியா, முதலை எல்லாம், குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போகும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. குஷாய்குடாவில் ஒரு பெரிய தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். திட்டமிடுவதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. என் மகள் செகந்திராபாத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தாள். அந்தக் கல்லூரியும் அந்தமானில் ஒரு கல்லூரியும் சேர்ந்து மாணவர் பரிமாற்றம் என்று ஒன்றைத் தொடங்கின. இங்கிருந்து ஒருத்தி அங்கே, அங்கிருந்து ஒருத்தி இங்கே. மூன்று மாதம் இவள் அவள் வீட்டில், அவள் இவள் வீட்டில். அந்தந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் நிற்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிக்கை எழுத வேண்டும். முதல் வருடம் சோதனைக்கு ஒரே ஒரு ஜோடி. படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்ததால் எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தமிழ் இருந்தது உண்மைதான். நான் தமிழில் கேட்பேன், மகள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

வந்த பெண் எங்கள் மகளைவிட நல்ல தமிழ் பேசினாள். போர்ட்பிளேரிலிருந்து மோட்டார் படகில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு சின்னத் தீவு அவளுக்கு. அப்பா மரம் அறுக்கும் ஆலையில் மேஸ்திரி. தீவில் ரயில் கிடையாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்ப்பதற்கென்றே என் மனைவியை இழுத்துக்கொண்டு போவாள். ஒரே வாரத்தில் எங்கள் ஊரின் 'ஹவ்', 'நக்கோ' இரண்டையும் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றால், நக்கோ ஆன்ட்டி. போதுமா என்றால், ஹவ் ஆன்ட்டி. அவள் வந்த பிறகுதான் என் மனைவி சமையலறையில் சிரித்துப் பேசுவது முன்னறை வரை கேட்டது.

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் என் வேலை, நின்றுபோனதைத் தேடுவது. ஒரு பாகம் வெட்டும் இடத்தில் பிறந்து, துளை போடும் இடத்துக்குப் போய், முலாம் பூசும் இடத்தில் குளித்து, பொருத்தும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கேயாவது மூலையில் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க, பாகத்தோடு கூடவே ரூட் கார்டு என்று ஓர் அட்டை போகும். ஒவ்வோர் இடத்திலும் (நாங்கள் ஷாப் என்போம்) வேலை முடிந்ததும் அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடம் அட்டையைப் பார்த்தே உலகத்தைப் புரிந்துகொண்டவன், மகளை மட்டும் அட்டையில்லாமல் அனுப்புவேனா?

செகந்திராபாத் மார்க்கெட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தேன். உடம்பு: நலம், நலமில்லை. சாப்பாடு: போதும், போதாது. மழை: உண்டு, இல்லை. வேலை: நடக்கிறது, நடக்கவில்லை. முப்பது தபால் அட்டைகளின் பின்பக்கம் அதைக் குத்தி, முன்பக்கம் எங்கள் விலாசம் எழுதி, ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டு, மூன்று நாளைக்கு ஒன்று வீதம் போட வேண்டிய தேதியையும் நானே எழுதிக் கட்டிக் கொடுத்தேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேனு பார்ட்டா, நான்னா?" என்று கேட்டாள். அப்பா, நான் என்ன மெஷின் பாகமா என்று அர்த்தம். நான் பெருமையாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் மாதம் அம்மாவுக்கு இரண்டு நீளக் கடிதம் எழுதினாள். அப்புறம், அட்டைதான் வருகிறதே, அது போதும் என்று நிறுத்திவிட்டாள். அதையும் என் சாதனையாகவே எடுத்துக்கொண்டேன். அட்டைகள் வந்தன. நலம், போதும், இல்லை, நடக்கிறது. பீரோ கதவின் உள்பக்கம் கிராஃப் காகிதம் ஒட்டி, வந்த ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பச்சைக் குண்டூசி குத்தினேன். என் மனைவி புடவை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டாள்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ரேடியோவில் புயல் என்றார்கள். அந்தமான் பக்கம் பலத்த மழை, கூரைகள் பறந்தன, கப்பல் போக்குவரத்து நிறுத்தம். நான் முன்னறையை எட்டிப் பார்த்தேன். பிணைக்கைதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சரி, பயமில்லை என்று ரேடியோவை அணைத்தேன். இப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தான், லுங்கி கட்டிக்கொண்டு.

தபால் வர அங்கிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே புயலடித்த அன்றைக்கு உரிய இருபத்திரண்டாம் அட்டை, அந்தப் பெண் ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. வழக்கம்போலக் குண்டூசியை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. மழை: இல்லை.

கூரை பறந்த நாளில் மழை இல்லையாம்.

மறுநாள் இருபத்திரண்டு அட்டைகளையும் டிபன் பைக்குள் வைத்து வேலைக்கு எடுத்துப் போனேன். என் பக்கத்து மேஜைக்காரன் செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழன். அவனுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தவர். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தான். அரை நிமிஷம் ஆகவில்லை.

"எல்லாம் ஒரே நாள்ல அடிச்சது பா," என்றான். "இங்க பாரு, ஒரே பேனா, ஒரே சாய்வு. மாசக் கடைசில நம்ம ஷாப்ல கார்டு மொத்தத்தையும் உக்காந்து டிக் அடிப்பானுங்கல்ல, அதே கேஸ். பொண்ணு உன்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கா."

"அப்ப யாரு போஸ்ட் பண்றா?"

"யாரோ பண்றான். கைக்கு இப்டி பரேஷான் ஆவுறே? நக்கோ."

எதற்கு இப்படிப் பதறுகிறாய், வேண்டாம் என்று அவன் சொன்னான். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது அட்டையையும் முதல் நாளே டிக் அடித்து யாரிடமோ கொடுத்துவிட்டாள் என்றால், கடிதம் நின்றதிலிருந்து என் மகளைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று பொருள். விலாசம் என் கையெழுத்து, தேதி என் கையெழுத்து, கேள்விகள் என் ரப்பர் ஸ்டாம்பு. என்னை நானே நலம் விசாரித்து, நானே வாங்கிப் படித்து, நானே குண்டூசி குத்தியிருக்கிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்குக்கூட அதில் அத்தாட்சி இல்லை. இந்த வாக்கியம் மனசில் வந்ததும் கேன்டீன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, தந்தி ஆபீசுக்குப் போய், பதிலுக்கும் சேர்த்துக் கட்டித் தந்தி கொடுத்தேன். மகளின் உடல்நிலை உடனே தெரிவிக்கவும். மூன்று நாள் பதிலில்லை. அந்த மூன்று நாளில் நான் செய்ததையெல்லாம் எழுதினால் உங்களுக்கு என் மேல் இருக்கும் மிச்ச மரியாதையும் போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தீவுப் போலீசின் வயர்லெஸ்ஸில் விசாரிக்கச் சொல்லிக் கேட்க, சீருடை போட்ட எவராவது அகப்படுவாரா என்று தேடி, கடைசியில் எங்கள் தொழிற்சாலை கேட்டில் நிற்கும் காவலரிடம் போய் நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்.

நாலாம் நாள் பதில் வந்தது. எல்லோரும் நலம். அனுப்பியவர் அந்தப் பெண்ணின் அப்பா.

என் மனைவி, பாத்தீங்களா, என்றாள். பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். ஷாப்பில் போய், நாற்பதாம் நம்பர் பாகம் எங்கே என்று கேட்கும்போது, எல்லாப் பாகமும் நன்றாக இருக்கிறது என்று ஃபோர்மேன் பதில் சொன்னால், நாற்பதாம் நம்பர் உடைந்துவிட்டது என்று அர்த்தம். இருபது வருடத்தில் இது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நான் ஒருத்தியைப் பற்றிக் கேட்டேன். எதற்கு எல்லோரும்? அவள் பெயரில் ஏன் பதில் வரவில்லை?

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணிடம் சிரிப்பு குறைந்திருந்தது. வீட்டிலிருந்து கடிதம் வந்ததாம்மா என்று கேட்டால், "ஹவ் அங்கிள், வந்துச்சு. நல்லா இருக்காங்க," என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவாள். அங்கே அவளும் என் மனைவியும் தணிந்த குரலில் பேசுவார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நின்று பாத்திரம் உருளும். அந்த நாலைந்து நாளில் நான் குடித்த தண்ணீரில் ஒரு தென்னந்தோப்பே வளர்ந்திருக்கும்.

ஒரு காலையில் விபூதி எடுக்கப் போனபோது சாமி அலமாரியில் அதைக் கண்டேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. புது முடிச்சு. மஞ்சள்கூட இன்னும் காயவில்லை என்று எனக்குத் தோன்றியது. யாருக்கோ ஏதோ ஆகியிருக்கிறது, நல்லபடியாகத் திரும்பினால் காணிக்கை செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"உங்க புரமோஷனுக்கு," என்றாள் என் மனைவி, அரிசி களைந்துகொண்டே.

என் புரமோஷனைப் பற்றிக் கடவுளிடம் பேசுவதை அவள் ஆறு வருடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தாள். அந்தப் பொய்யைக் கேட்டுவிட்டு, முடிச்சைப் படத்துக்குப் பின்னாலேயே திரும்பத் தள்ளி வைத்தேன். மேலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாள் முழுக்க, எங்கே எங்கே என்று தொண்டை கிழியக் கேட்டுத் திரிகிறவனுக்கு, பதில் இருக்கிற இடம் தெரிந்த பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை. குளித்து, சாப்பிட்டு, கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர், என்ன சார் போனஸா என்றார்.

அந்தப் பெண் கிளம்பும் நாள் வந்தது. ஏற்பாடு இதுதான்: கல்லூரியிலிருந்து இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லெக்சரர் அம்மாள் வந்து அவளைச் செகந்திராபாத்தில் ரயிலேற்றிக் கூட்டிப் போய், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிடுவார். அந்தக் கப்பல் போர்ட்பிளேர் போய் அவளை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது எங்கள் பெண்ணைக் கொண்டு வரும். அதாவது நான் முதலில் கொடுக்க வேண்டும், அப்புறம் வாங்க வேண்டும். மூன்று மாதமாக இது எனக்கு உறைக்கவேயில்லை. உறைத்தபோது மத்தியானம் மணி இரண்டு. அவளுடைய சூட்கேஸ் பூட்டி வாசலோரம் நின்றது.

நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டேன். பச்சைக் குண்டூசிகள் நாலு உதிர்ந்தன.

லெக்சரர் அம்மாள் உப்பலிலிருந்து ஆட்டோவில் வந்தார். கண்டிப்பான தெலுங்கு அம்மாள். அவரை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும் மேடம். என் பொண்ணு கப்பலை விட்டு இறங்கினப்புறம் அனுப்பறேன்."

ஆட்டோ வெளியே உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் நான் சொன்னது எந்த மொழியிலும் புரிகிற விஷயமாக இல்லை. நான் மேலும் விளக்கினேன். ஸ்டோர்ஸில் மாற்றுப் பொருள் உள்ளே வராமல் பழையது வெளியே போக கேட் பாஸ் கிடையாது என்று சொன்னேன். பழையது என்று நான் சொன்ன பெண் சுவரோரம் நின்று துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ரயிலைத் தவறவிட்டால் கப்பல் போய்விடும், அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்துத்தான் என்று லெக்சரர் அம்மாள் நிதானமாகச் சொன்னார். போகட்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"இங்கா செப்பலேதா, மேடம்?"

இன்னும் சொல்லவில்லையா. சாதாரணமாகத்தான் கேட்டார், பால் வந்துவிட்டதா என்று கேட்பது போல. குழாயடியில் வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. நிறுத்த யாரும் போகவில்லை. நான் எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலி என்று நினைத்தது தரையாக இருந்தது.

 அந்தப் பெண்தான் என் எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், அவளுக்கு ஆபரேஷன் ஆச்சு. குடல்வால். இப்ப எழுந்து நடக்கறா, சோறு சாப்பிடறா. நேத்து வந்த லெட்டர்ல அம்மா எழுதியிருக்காங்க. நான் பொய் சொல்லலை."

"எப்போ?"

"இருபத்தஞ்சு நாள் ஆச்சு அங்கிள்."

"உனக்கு எப்போ தெரியும்?" இதை என் மனைவியிடம் கேட்டேன்.

"பதிமூணு நாளா."

"நான் அவளுக்கு அப்பா."

"அதனாலதான் சொல்லலை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லெட்டர் வரும்போதே தையல் பிரிச்சாச்சு. உங்ககிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, நீங்களே சொல்லுங்க."

யோசித்தேன். என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பத்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், காரணம் தெரியாமல். காரணம் தெரிந்திருந்தால் இன்னும் சிறப்பாகச் செய்திருப்பேன்.

அந்தப் பெண் தன் கைப்பையிலிருந்து முதலில் வந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பக்கம், அவள் அம்மா எழுதியது. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில் என் மகளின் கையெழுத்தில் நாலு வரி இருந்தது. அம்மா, நான் நன்றாக இருக்கிறேன். நான்னாவிடம் சொல்லாதே. சொன்னால் அடுத்த கப்பலில் வந்து இறங்கி ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அட்டை கொடுப்பார். ராத்திரியெல்லாம் கண்விழிக்கிற இந்த ஆன்ட்டிக்கு முதலில் தூக்கம் வேண்டும்.

எழுத்து கோணலாக இருந்தது. படுத்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை.

பனியனுக்குள்ளிருந்து சாவியை எடுத்தேன். பூட்டில் நுழைய மறுத்தது. அந்தப் பெண்தான் வாங்கித் திறந்தாள். சூட்கேஸை நானே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன், நாலு பேராக நெருக்கி உட்கார்ந்து செகந்திராபாத் போனோம். ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியாக, "அங்கிள், எங்க அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிறவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும் வரை கூடவே நடந்தேன், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் சென்னையில் அதே கப்பலிலிருந்து என் மகள் இறங்கினாள். இளைத்திருந்தாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். மற்றதை ரயிலில் அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். முப்பது அட்டையையும் முதல் நாளே டிக் அடித்து அந்தப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிட்டாளாம், அவர்தான் தேதி பார்த்துப் போட்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். புயலுக்கு ஆறு நாள் முன்னால் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. தீவு மருந்தகத்தில் பார்த்துவிட்டு உடனே போர்ட்பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மோட்டார் படகில் எட்டு மணி நேரமும் அந்தப் பெண்ணின் அம்மா என் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் கத்தி வைப்போம் என்றார்கள். எங்களுக்குத் தந்தி கொடுத்துப் பதில் வாங்க நேரமில்லை. அந்த அம்மாள் தாய் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே குடல்வால் வெடித்திருந்தது. பதினோரு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். பன்னிரண்டாம் நாள் கடல் அடங்கியிருந்தது. இரண்டு பேரும் படகேறி வீட்டுக்குப் போனார்கள்.